குதிரைக்கு வடித்த தண்ணி

அன்றைக்கு லாயத்துக்கு முன்னால் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரையோ விட்டுவிட்டோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். துரைசானி. அவருக்குக் குடை பிடித்த தோட்டக்காரர். பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் நைனா. குதிரைக்கார பாய். அவர் மனைவி பாயம்மா. பாயம்மா கையில் பிறந்து ஆறு நாளான ஆண் குழந்தை. அவர்களுடைய மூத்த பெண், என் வயதுதான், எட்டோ ஒன்பதோ. அப்புறம் நான். எட்டுப் பேர். குதிரையையும் சேர்த்தால் ஒன்பது. அதையும் சேர்ப்பதுதான் நியாயம். அது இளைத்துப்போனதால்தான் எல்லாம் வந்தது.

என் அம்மா அங்கே இல்லை. மீன் கூடையோடு சாந்தோம் பக்கம் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாளோ என்று இந்த வயதிலும் நினைத்துப் பார்க்கிறேன். சத்தம் போட்டிருப்பாள். தடுத்திருக்க முடியாது.

சின்ன வயதில் குடித்த ரசம், கஞ்சி, சூப் இவற்றைப் பற்றி ஆளுக்கொன்று எழுதலாம் என்று நம் மாதா கோயில் சங்கத்தில் நீங்கள் பேசிக்கொண்டீர்கள். உங்களுக்கெல்லாம் எழுத நல்லது இருக்கும். எனக்கு வாயில் நிற்பது ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

துரைக்கு மோட்டார் வந்துவிட்ட காலம் அது. இருந்தாலும் அடையாற்றுப் பங்களாவின் லாயத்தில் மூன்று குதிரைகள் நின்றன. இரண்டு, வண்டிக்கு. ஒன்று, துரைசானி காலையில் ஏறிப் போகிற செவலைப் பெண்குதிரை. லாயத்துக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. முதல் வீடு பாயுடையது, அடுத்தது எங்களுடையது. நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் அம்மா, "சுக்கு தட்டிப் போடு பாயம்மா" என்பாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கே லாயத்து முற்றத்தில் பெரிய இரும்பு அண்டா ஏறும். அதில் மூன்று குதிரைகளுக்கும் கொள்ளு வேகும். கொள்ளு வேகிற வாசனை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. நனைந்த சாக்கு, புகைந்த சவுக்கு விறகு, அதற்கடியில் எங்கிருந்தோ ஒரு சின்ன இனிப்பு. பருப்பு விரலில் நசுங்குகிற பதம் வந்ததும், நாலு மணி வாக்கில், பாய் மூங்கில் தட்டியைச் சாய்த்து வைத்துத் தண்ணீரை வடிப்பார். வெந்த கொள்ளு குதிரைக்கு. செம்பழுப்பாய் வடிந்த அந்தத் தண்ணி எங்கள் இரண்டு வீட்டுக்கும்.

"பருப்பு அதுக்கு, தண்ணி நமக்கு. மேலகீறவன் அப்படித்தான் பங்கு போட்டுக்கீறான்" என்பார் பாய், என்னையும் தன் பெண்ணையும் பார்த்து. "இத்தக் குடிச்சா நீங்க ரெண்டு பேரும் கிண்டி ரேசுல ஓடலாம். நான் உங்க மேல பணம் கட்டறேன்."

பாயம்மா அந்தத் தண்ணியைச் சட்டியில் ஊற்றி, கொஞ்சமாகப் புளி கரைப்பாள். தோலோடு நசுக்கிய பூண்டு, மிளகு, சீரகம், தணலில் சுட்ட இரண்டு மிளகாய். மழைக்காலமானால் முந்தின நாளே ஊறப்போட்ட காய்ந்த மொச்சையும் அதில் விழும். கடைசியில் நல்லெண்ணெயில் வெங்காயம் கருகக் கருகத் தாளித்துக் கொட்டுவாள். எனாமல் குவளையில் ஊதி ஊதிக் குடிப்போம். மொச்சைத் தோலைப் பல்லில் பிதுக்கி யார் தூரமாகத் துப்புகிறது என்று எனக்கும் அவள் பெண்ணுக்கும் போட்டி. அவள்தான் ஜெயிப்பாள். முன்பல் இரண்டு விழுந்திருந்ததால் அவளுக்குச் சந்து இருந்தது.

பங்களாவிலும் தினமும் சூப் உண்டு. அது வேறு ஜாதி. கப்பல் சாமான் கடையிலிருந்து மூட்டையாக வரும் உலர்ந்த பச்சைப் பட்டாணியை நைனா சோடா உப்புப் போட்டு ஊறவைப்பார். எலும்போடு மூன்று மணி நேரம் வேகவைத்து, குதிரை மயிரில் பின்னிய சல்லடையில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்குவார். வெண்ணெயில் மாவு வறுத்துச் சேர்ப்பார். அதைக் குடித்துவிட்டுத் துரை ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் சொன்னார். அது எப்படி என்று சொல்கிறேன்.

நைனா அந்தப் பட்டாணியில் பாதியை மயிலாப்பூரில் ஒரு கடைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அது தப்பென்று தெரியாது. கடைக்காரர் எனக்கு ஒரு கற்கண்டுக் கட்டி கொடுப்பார், அதுதான் தெரியும். "உன் பள்ளிக்கூடத்துக்குத்தான்டி" என்பார் நைனா. பட்டாணி குறைந்தால் சூப் தண்ணியாகிவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி கொள்ளு. பாயிடமிருந்து இரண்டு கரண்டி வெந்த கொள்ளும் ஒரு செம்பு வடித்த தண்ணியும் வாங்குவார். கொள்ளை அம்மியில் மையாக அரைத்துப் பட்டாணியோடு சல்லடையில் இறக்குவார். நிறம் மாறுமே என்று வெங்காயத்தைக் கருக்கிக் கலந்து, 'பிரவுன் சூப்' என்று பேர் வைத்து மேஜைக்கு அனுப்பினார். துரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். விருந்துக்கு வந்த துரைமார்களும் கேட்டார்கள். எந்தப் பங்களாவிலும் இல்லாத ருசி என்று நைனாவுக்குப் பேர் வந்தது. சம்பளம்கூட ஏறியது.

லாயத்திலிருந்து சமையலறைக்கு அதைத் தூக்கிப் போகிறவள் நான். ஒரு தூக்குச்சட்டி. அதன் மூடி மேல் நைனா சொன்னபடி ஒரு பிடி அடுப்புச் சாம்பல் குவித்திருக்கும். யாராவது கேட்டால் பாத்திரம் தேய்க்கச் சாம்பல் என்று சொல்ல வேண்டும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சாம்பல் உள்ளே விழுந்துவிடுமோ, துரைக்கு வயிறு வலிக்குமோ, நைனாவைச் சிறையில் போடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே மாமரத்தடி வழியாக நடப்பேன். ஒரு நாளும் சிந்தியதில்லை.

அந்த ஐப்பசியில் செவலை இளைக்க ஆரம்பித்தது. விலா எலும்பை எண்ணலாம். ரோமம் மங்கி, வால் அடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்தது. பாய் ஏதோ பச்சிலை அரைத்துப் போட்டார். துரைசானி ஒரு புத்தகத்தைப் பார்த்தார். கொள்ளின் சத்தெல்லாம் வடித்த தண்ணியில்தான் போகிறது, அதை வீணாக்கக்கூடாது, தவிட்டில் கலந்து குதிரைக்கே கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். மறுநாளிலிருந்து நாலு மணிக்கு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். தண்ணி வடிய, தவிட்டில் ஊற்ற, குதிரை குடிக்க, கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பாயம்மாவுக்கு அது நிறை மாதம்.

"இன்னாம்மா இது, தண்ணிக்குக்கூட காவலா?" என்று அம்மா சிரித்தாள்.

"குதிரைக்கு வயிறு ரொம்பட்டும். நமக்கு வெறும் புளித்தண்ணி போதும்" என்றாள் பாயம்மா. அவள் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

நைனாவுக்குத்தான் போதவில்லை. இரண்டு நாள் கொள்ளில்லாத சூப் மேஜைக்குப் போனது. துரை கரண்டியை வைத்துவிட்டாராம். அன்று நைனா பாயிடம் போய், "இன்னா பாய் இப்படி ஆயிடுச்சு? துரை மொகத்த சுளிக்கிறாரு. ஏதாச்சும் பண்ணு பாய்" என்றார்.

"துரைசானி எதிர்லயே குந்திக்கினு கீறாங்க. இன்னா பண்ணச் சொல்றே?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கரண்டி எடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "உனக்காகச் செய்யறேன். ஆனா, ஒரு நாளைக்கு மாட்டுனா என் பேருதான் வரும்."

"மாட்டுனா நான் பேசமாட்டேனா? துரைசானிகிட்ட பேசறதுக்கு என்ன வுட்டா யாரு கீறா இங்க?"

அது உண்மைதான். துரைசானிக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும். வா, போ, சீக்கிரம், பொய். அதற்குமேல் வேலைக்காரர்களோடு பேச வேண்டுமானால் நைனாவைத்தான் கூப்பிடுவார். நைனாவின் இங்கிலீஷ் பங்களா இங்கிலீஷ். அதில் பாதி எனக்கும் காதில் விழுந்து விழுந்து புரியும்.

அப்படியாக மூன்றரை மணிக்கே பாய் இரண்டு கரண்டியும் ஒரு செம்பும் எடுத்து வைத்தார். நான் சாம்பல் மூடியோடு தூக்கிப் போனேன். பாயம்மாவுக்குப் பிரசவமான பிறகு அதே மூன்றரை மணிக்கு இன்னொரு குவளைத் தண்ணியும் எடுத்தார். அவளுக்குப் பால் சுரக்கவில்லை. அம்மா பால்சுறா கொண்டுவந்து புட்டு செய்து கொடுத்தாள். அதோடு கொள்ளு ரசமும் குடித்தால் ஊறும் என்றாள். எடுத்ததெல்லாம் அவ்வளவுதான். அதனால் ஒரு குதிரை இளைக்காது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு இளைக்கும் என்றே நம்பினேன். செவலையின் விலாவைப் பார்க்கும்போதெல்லாம் என் தூக்குச்சட்டிதான் அதைத் தின்கிறது என்று பயந்தேன்.

செவலை தேறவில்லை. துரைசானி நைனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். யாரோ கொள்ளைத் திருடுகிறார்கள், யார்?

நைனா என்ன பதில் சொன்னார் என்பது எனக்கு அன்று தெரியாது. மத்தியானம் என்னை அழைத்து உமிக்கரியால் இரண்டு தடவை பல் தேய்க்கச் சொன்னார். வாயில் இரண்டு கிராம்பு போட்டார். "மெல்லு. முழுங்காத. சாயங்காலம் வரைக்கும் வேற எதுவும் வாயில போடக்கூடாது, தெரிஞ்சுதா?"

"ஏன் நைனா?"

"கேள்வி கேக்காத."

கிராம்பு காரத்தில் நாக்கு மரத்துப்போய்விட்டது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு எல்லாரையும் லாயத்துக்கு முன்னால் வரச் சொன்னார்கள். என் கையில் தூக்குச்சட்டி, காலி, மூடி மேல் அன்றைய சாம்பல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டு வர நேரம் இல்லை. பாய் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாயத்து வாசலில், பத்தடி தள்ளி நின்றார். பாயம்மா தலையில் துணி சுற்றி, குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். வீட்டைவிட்டு அவள் வெளியே வந்தது பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான்.

வாயை மோந்து பார்க்கிறதென்று ஏற்பாடு. கொள்ளு தின்ற வாய் மறைக்காது என்று துரைசானிக்குச் சொல்லிக்கொடுத்தது நைனா.

முதலில் நான். "ஊது" என்றார் நைனா. ஊதினேன். துரைசானி குனிந்தார். அவர் கைக்குட்டையின் பூ வாசனை என் மூக்கில் ஏறியது. "குட்" என்று என் தலையைத் தொட்டார்.

அடுத்தது பாயின் பெண். அவள் விளையாட்டு என்று நினைத்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, கன்னம் இரண்டும் உப்ப மூச்சைப் பிடித்து, முன்பல் சந்து வழியாக ஃபூ என்று ஊதினாள். எச்சில் தெறித்தது. துரைசானி பின்னால் நகர்ந்து கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாயம்மா ஊத மாட்டேன் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாய் தள்ளி நின்றபடியே உருதுவில் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முந்தானையை எடுத்தாள். ஊதவில்லை, வாயை மட்டும் திறந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

குதிரையின் வாயை யாரும் மோந்து பார்க்கவில்லை. அதன் வாயிலும் கொள்ளு வாசனைதான் அடித்திருக்கும்.

அப்போது துரைசானி என் கையைப் பார்த்தார். தினமும் நான் மாமரத்தடியில் போவதை அவர் பார்த்திருக்க வேண்டும். தூக்குச்சட்டியைக் காட்டி என்ன என்று விரலால் கேட்டார். நைனாவைப் பார்த்தேன். நைனா குதிரையைப் பார்த்தார்.

"சாம்பல்" என்றேன்.

"பொய்?" என்றார் துரைசானி.

பாய் தள்ளி நின்றிருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "சாம்பல்தான் துரைசானி. பாத்திரம் தேய்க்க. நான்தான் தினம் அள்ளிப் போடறேன். கொழந்தய வுட்ருங்க."

பிறகு நைனாவைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "சமையக்காரரே, நீயே எடுத்துச் சொல்லு. பருப்புல நாங்க கை வெக்கல. வடிச்ச தண்ணிதான், அதுவும் பெத்தவளுக்கு. உன் சமாச்சாரத்த நான் வாயத் தொறக்க மாட்டேன், கவலப்படாத. தண்ணிய மட்டும் சொல்லி மாப்பு கேளு."

நைனா தலையாட்டினார். குடைக்குக் கிட்டே போய்க் கைகூப்பிக்கொண்டு துரைசானியிடம் தணிந்த குரலில் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். 'தீஃப்' என்ற வார்த்தை எனக்குத் தெரியும். 'எவ்ரிடே' தெரியும். அப்புறம் 'மைலாப்பூர் பஜார், செல்லிங்' என்றார். கொள்ளை மூட்டையாக மயிலாப்பூர் கடையில் பாய் விற்கிறதாக. தான் பட்டாணிக்குச் செய்ததை அப்படியே பாய்க்கு மாற்றிப் போட்டார். பேரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது.

பத்தடிக்கு அப்பால் பாய்க்கு அது கேட்கவில்லை. நைனா கூப்பிய கை மட்டும்தான் தெரிந்தது. தனக்காக மன்றாடுகிறார் என்று நினைத்து, நைனாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா துரைசானி, ஆமா" என்று தலையை ஆட்டினார். நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். முடித்துவிட்டு நைனா திரும்பியபோது, "நீ நல்லாருப்பே நைனா" என்றார்.

துரைசானி நிமிர்ந்தார். தமிழிலேயே சொன்னார். "போ. சீக்கிரம். எல்லாம் போ."

பாய் அப்போதும் நைனா முகத்தைப் பார்த்தார், இன்னும் ஏதோ பேசுவார் என்று. நைனா, "நான் இன்னா பண்றது பாய், சொல்லிப் பாத்துட்டேன். மனசு எறங்கல" என்றார். பாய் அதையும் நம்பினார்.

மறுநாள் காலையில் ஒரு கட்டைவண்டியில் சட்டிபானை ஏறியது. பாயம்மா குழந்தையோடு மேலே உட்கார்ந்தாள். மழை விடவில்லை. அவர்கள் பெண் எனக்குக் கையைக் காட்டினாள். பாய் லாயத்துக்குள் போய் மூன்று குதிரைகளின் நெற்றியையும் தடவிவிட்டு வந்து, நைனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மாவுக்கு எல்லாம் என்னிடமிருந்து தெரிந்தது. அழுதுகொண்டே உளறிவிட்டேன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு வந்துகீறே? பச்ச உடம்புக்காரிய ரோட்ல வுட்டுட்டியே! உனக்காகத்தானேயா அந்த ஆளு எடுத்துக் குடுத்தான்?"

"அவன் போலன்னா நான் போவணும். நீயும் உன் பொண்ணும் அந்த வண்டில குந்திக்கினு போயிருப்பீங்க. போறியா? சொல்லு, போறியா?"

அம்மா அடுப்பில் உலை வைக்கப் போனாள். அவள் அப்படிப் போனதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வாரமே என் பள்ளிக்கூடம் நின்றது. "இவ ஓட்ட வாயி. அங்க போய் ஏதாச்சும் ஒளறி வெப்பா" என்றார் நைனா. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சாம்பல் என்று பொய் சொன்னதை மட்டும் சொன்னேன். மூன்று செபம் சொல்லச் சொன்னார். மூன்றா நாலா என்று சந்தேகம் வந்து ஐந்தாகச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்னால், அம்மாவோடு லஸ் பக்கம் போனேன். ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் பாயின் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குதிரைகளின் வாயில் கட்டிய தீனிப்பையிலிருந்து கீழே சிந்துகிற கொள்ளை ஒன்று ஒன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். முன்பல் முளைத்துவிட்டிருந்தது.

"இங்கதான் கீறோம். அந்தச் சந்துல. அப்பா ஜட்காக்காரங்களுக்குக் குதிர தேச்சுக் குடுக்கறாரு" என்றாள்.

"தம்பி?"

"அம்மாக்குப் பால் இல்ல. இத்த வேக வெச்சு, துணில நனைச்சு வாயில வெக்கறோம். உறிஞ்சுது." மடியைக் காட்டினாள். இரண்டு பிடி இருக்கும், மண்ணும் சாணியுமாக. "உங்க நைனாக்கு அப்பா சலாம் சொன்னாரு. துரைசானி கோவம் எறங்குனா ஒரு வார்த்த சொல்லச் சொன்னாரு."

அம்மா கூடையிலிருந்து நாலு கருவாட்டை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். குதிரை டாக்டர் வந்தார். செவலையின் வாலைத் தூக்கிப் பார்த்தார். சாணத்தைக் குச்சியால் கிளறினார். பூச்சி. வயிறு முழுக்கப் பூச்சி. அரைப் படி கொள்ளு திருடு போனால் குதிரை இப்படி ஆகுமா என்று அவர் சிரித்ததாகத் தோட்டக்காரர் வந்து சொன்னார்.

துரைசானி நல்லவரா கெட்டவரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவரே சமையலறை வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. குதிரைக்காரர் எங்கே இருக்கிறார் என்று நைனாவிடம் கேட்டார். திரும்ப அழைத்துவர வேண்டும் என்றார். 'கம் பேக்' எனக்குப் புரிந்தது.

நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். லஸ், ஜட்கா நிற்கிற இடம், பக்கத்துச் சந்து. இது மூன்றும் என் நாக்கு நுனியில் இருந்தது. அடையாற்றிலிருந்து நடந்தே போய்ச் சொல்லிவிடலாம்.

நைனா கைகூப்பினார். பாய் ஐதராபாத்துக்குப் போய்விட்டார், அங்கே அவர் அண்ணன் இருக்கிறார், நல்ல வேலை என்று சொன்னார். வந்தால் பாய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பயம். பாய் சொல்லவே மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எனக்கும் பயம்.

துரைசானி என் பக்கம் திரும்பினார். "பொய்?" என்று கேட்டார். இந்தத் தடவை மிரட்டுகிற மாதிரி இல்லை. பொய்யாக இருந்தால் நன்றாக இருக்குமே என்கிற மாதிரி கேட்டார்.

பொய் இல்லை என்று தலையாட்டினேன்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் குதிரைக்காரர் வந்தார். மருந்து கொடுத்ததில் ஒரு மாதத்தில் செவலை பளபளவென்று ஆகிவிட்டது. துரைசானி மடக்கு நாற்காலியைக் கொண்டுவருவதை நிறுத்தினார். நைனா புது ஆளுக்கு ஒரு வெற்றிலைக் கட்டு வாங்கிக் கொடுத்துச் சிநேகம் பிடித்தார். மூன்றாம் நாள் என் கையில் மறுபடி தூக்குச்சட்டி வந்தது.

மாசியில் ஒரு நாள் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "அந்தக் கொழந்த செத்துப் பூட்ச்சாம்."

"எது?" என்றார் நைனா.

"எதுவா?"

நைனா தோள் துண்டை எடுத்து, ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். அன்று துரையும் துரைசானியும் வேறு பங்களாவுக்கு விருந்துக்குப் போய்விட்டதால் சூப் மேஜைக்குப் போகாமல் மிஞ்சியது. விளக்கு வைக்கிற நேரத்தில் நைனா அதை நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் எனக்குக் கொண்டுவந்து வைத்தார். மேலே நெய்யில் பொரித்த ரொட்டித் துண்டுகள் மிதந்தன. அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நைனா கோபித்துக்கொள்வார் என்று பயந்து குடித்தேன் என எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். வாசனை நன்றாக இருந்தது, குடித்தேன். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.